தெருவும் வரைபடமும்: நகர, பிரதேசத் திட்டமிடற் கல்வி பற்றிய ஒரு விமரிசன நோக்கு

நகர, பிரதேசத் திட்டமிடல் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களிலே முதுமாணிப் பட்டத்துக்குரிய பாடநெறியாக இடம்பெற்றுள்ளது. புவியியல், பொருளியல், சமூகவியல் முதலியவற்றைப் பயின்ற கலைப்பட்டதாரிகளும், கட்டடக்கலை, பொறியியல் முதலியவற்றைப் பயின்றோரும் ஒரே வகுப்பறையிற் கூடும் துறைகள் மிகச் சிலவே. அத்தகையவற்றுள் இதுவும் ஒன்றாகும். எனினும் இத்துறையின் வரலாற்றை நோக்குவோர்க்கு வியப்பளிக்கும் ஓர் உண்மை உண்டு. இதன் அடிப்படைக் கருத்துக்களை உருவாக்கித் தந்தவர்களுட் பலர் இத்துறையில் மட்டுமன்றி எத்துறையிலுமே பட்டம் பெற்றவரல்லர். தோட்ட நகரம் என்னும் கருத்தை 1898ஆம் ஆண்டில் முன்வைத்த எபனேசர் ஹோவார்ட், பாராளுமன்ற உரைகளைச் சுருக்கெழுத்திற் பதிவுசெய்து வாழ்ந்தவர். திட்டத்துக்கு முன்னர் ஆய்வு என்னும் நெறியை வலியுறுத்திய பற்றிக் கெடிஸ், உயிரியலறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்று தாவரவியற் பேராசிரியராக உயர்ந்தபோதிலும் பட்டம் எதனையும் பெற்றாரில்லை. நகரங்களின் வரலாற்றை எழுதிய லூயிஸ் மம்போர்டும், நகரத் திட்டமிடலை மிகக் கடுமையாக விமரிசித்த ஜேன் ஜேக்கப்ஸும் பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டவர்கள்.

இவ்வாறு பட்டமில்லாதோர் கண்டுரைத்தவற்றைப் பட்டத்துக்குரிய பாடமாக வகுத்துக்கொண்ட துறை எதனைக் கற்பிக்கின்றது? எதனை மறக்கச் செய்கின்றது? நகரத்தை அறிந்துகொள்வதற்குப் பட்டம் வேண்டுவதில்லை எனின், அப்பட்டத்தின் பயன்தான் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வோர் ஜேக்கப்ஸ் 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட 'அமெரிக்கப் பெருநகரங்களின் மரணமும் வாழ்வும்' என்னும் நூலை விலக்கிச் செல்ல முடியாது. திட்டமிடல் பயிலும் மாணவர் இன்று விதந்து படிக்கும் அந்நூல், அன்று அவர்தம் கல்வியின்மீது சுமத்தப்பட்ட குற்றப்பத்திரமாகவே வெளிவந்தது.

இக்கல்வி தோன்றிய சூழலை முதலில் நோக்குதல் பொருத்தமாகும். பிரித்தானியாவில் நகரத் திட்டமிடல் பற்றிய முதலாவது சட்டம் நிறைவேறிய 1909ஆம் ஆண்டிலேயே லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்தில் இதற்கெனத் தனித்துறை நிறுவப்பட்டது. அதற்கு நிதியுதவியவர் சவர்க்கார உற்பத்தியாற் பெருஞ்செல்வம் ஈட்டிய வில்லியம் லீவர். தமது தொழிலாளருக்கென முன்னரே ஒரு மாதிரிக் குடியிருப்பை அமைத்திருந்தவர் அவர். அமெரிக்காவிலே ஹாவார்ட் பல்கலைக்கழகம் 1929ஆம் ஆண்டில் நகரத் திட்டமிடலுக்கெனத் தனிக் கல்லூரியைத் தொடங்கியது. கைத்தொழிற் புரட்சி பெருக்கிய நெருக்கடி மிக்க நகரங்களும், அவற்றிலே தோன்றிய நோயும், தொழிலாளர் அமைதியின்மை பற்றிய அச்சமும் இக்கல்விக்கான தேவையை ஏற்படுத்தின. ஏழைகள் வாழும் இடத்தைச் சீர்திருத்துவதற்காகத் தோன்றிய துறை இது. ஆனால் அதனைத் தோற்றுவித்தோர் அவ்விடங்களில் வாழ்ந்தோரல்லர். இம்முரண்பாடு துறையின் பிறப்புடனேயே வந்ததெனலாம்.

இம்முரண்பாடு பாடநெறியின் அமைப்பிலும் தென்படுகின்றது. நிலப்பயன்பாடு, குடித்தொகைக் கணிப்பு, போக்குவரத்து, வீடமைப்பு, நிலப் பொருளியல், திட்டமிடற் சட்டம் ஆகியன விரிவுரைகளாக நடத்தப்படுகின்றன. இவற்றின் மையமாக அமைவது வரைதற்கூடப் பயிற்சியாகும். ஒரு நகரப் பகுதியை மாணவர் குழுவொன்றிடம் ஒப்படைத்து, அதனை ஆராய்ந்து, அதன் எதிர்காலத்தை வரைந்து காட்டுமாறு ஆசிரியர் பணிப்பார். வரைபடத்திலே ஒவ்வொரு நிலப்பயன்பாட்டுக்கும் ஒவ்வொரு நிறம் உண்டு. வீடு ஒரு நிறம், வாணிபம் வேறொரு நிறம், கைத்தொழில் மற்றொரு நிறம். முன்புறத்திற் கடையும், பின்புறத்திலே தையற்கூடமும், மேல்மாடியில் வீடுமாக விளங்கும் ஒரு கட்டடத்துக்கு எந்நிறத்தைத் தீட்டுவது என்னும் சிக்கல் இப்பயிற்சியின் முதல் வாரத்திலேயே எழும். ஏதேனும் ஒரு நிறத்தைத் தெரிந்தெடுக்க மாணவன் பழகிக்கொள்கின்றான். அவ்வாறு தெரியும் அக்கணத்தில் அக்கட்டடத்தின் வாழ்க்கையிற் பெரும்பகுதி வரைபடத்திலிருந்து மறைந்துவிடுகின்றது.

ஜேக்கப்ஸ் தமது நூலின் முன்னுரையிலேயே இந்த மறைவுக்கு ஓர் உதாரணம் தருகின்றார். பொஸ்ரன் நகரின் வடமுனை என்னும் பகுதி, பெரும்பாலும் இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்த நெருக்கமான பழைய குடியிருப்பு. 1959ஆம் ஆண்டில் அங்கு சென்ற அவர், சீராகப் பேணப்பட்ட வீடுகளையும், விளையாடும் சிறுவரையும், கடைகளும் பேச்சும் நிறைந்த தெருக்களையும் கண்டு மகிழ்ந்தார். பின்னர் தமக்குத் தெரிந்த திட்டமிடலாளர் ஒருவரோடு தொலைபேசியில் உரையாடியபோது, அது நகரத்திலேயே மிக மோசமான சேரி என்றும், ஏக்கருக்கு 275 குடியிருப்புக்கள் கொண்டது என்றும் அவர் கூறினார். ஜேக்கப்ஸ் வேறு புள்ளிவிபரங்களைக் கேட்டார். அவற்றை எடுத்துப் பார்த்த அவ்வறிஞரே திகைக்க நேர்ந்தது. இளைஞர் குற்றச்செயல்களும், நோயும், குழந்தை இறப்பும் நகரத்திலேயே மிகக் குறைந்த அளவுகளுள் அடங்குவனவாக அங்கு காணப்பட்டன. இறப்பு வீதம் நகரம் முழுவதற்கும் ஆயிரத்துக்கு 11.2 ஆக இருக்க, வடமுனையில் 8.8 ஆகவே இருந்தது. அத்தெருக்களில் உலாவச் செல்வது தமக்கும் விருப்பமானதே என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும் காலப்போக்கில் அதனை இடித்துக் கட்டியே ஆகவேண்டும் என்பதில் அவருக்கு ஐயமிருக்கவில்லை.

இவ்விடத்தில் ஜேக்கப்ஸ் தரும் வேறொரு தகவல் திட்டமிடற் கல்வியை நேரடியாகத் தொடுகின்றது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தினதும் ஹாவார்டினதும் திட்டமிடல் மாணவர்கள், ஆசிரியரின் வழிகாட்டலோடு வடமுனையை இடித்துப் பெருந்தொகுதிகளாகவும் பூங்கா நடைபாதைகளாகவும் மாற்றும் பயிற்சியைக் காகிதத்திற் காலத்துக்குக் காலம் செய்து வந்தனர் என்பதே அது. தொலைபேசியில் உரையாடிய அவ்வறிஞரைத் தீயவர் எனக் கொள்வதற்கில்லை. கண்ணும் கால்களும் கூறிய உண்மையைப் பயிற்சி பெற்ற அறிவு மறுத்தது. அவ்வறிவுக்கே அவர் கீழ்ப்படிந்தார். இரத்தத்தை வடித்து நோய் தீர்க்க முயன்ற பழைய வைத்தியரோடு ஜேக்கப்ஸ் இத்துறையை ஒப்பிடுவதன் காரணமும் இதுவே. கற்றறிந்தவர்களே, கற்ற காரணத்தால், கண்முன் நிற்கும் நோயாளியைக் காணத் தவறினர்.

வடமுனை தப்பியது. அதனை அடுத்திருந்த மேற்குமுனைக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. 1949ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் சேரிகளை அகற்றுவதற்கு மத்திய அரசின் நிதியை வழங்கியது. ஓரிடத்தைச் சேரி என அதிகாரபூர்வமாக வகைப்படுத்துவதே அந்நிதிக்கான வாயில். பழந்தமிழிலே சேரி என்னும் சொல் மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைப் பொதுவாகச் சுட்டியது. இழிவுப் பொருள் பின்னரே ஏறியது. மேற்குமுனையில் நிகழ்ந்ததும் இதனை ஒத்ததே. சேர்ந்து வாழ்ந்தோரின் இடத்துக்குச் சேரி என்ற பெயர் சூட்டப்பட்டது. பெயரைத் தொடர்ந்து சட்டமும், சட்டத்தைத் தொடர்ந்து இடிப்பு இயந்திரமும் வந்தன. 1958ஆம் ஆண்டிலிருந்து சுமார் 2,700 குடும்பங்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டன. அந்நிலத்தில் வசதி படைத்தோருக்கான மாடித் தொடர்கள் எழுந்தன. காகிதத்திற் பயிலப்பட்டது நிலத்தில் நிறைவேறியது.

இடிப்புக்குச் சற்று முன்னர், 1957ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சில மாதங்கள் மேற்குமுனையிலே குடியிருந்து அதனை ஆராய்ந்தவர் ஹேர்பேர்ட் கான்ஸ். அவர் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் திட்டமிடற்றுறையிலே கலாநிதிப் பட்டம் பெற்றவர் என்பது கருதத்தக்கது. 1962ஆம் ஆண்டில் வெளிவந்த 'நகரத்துக் கிராமத்தவர்' என்னும் நூலிலே, மேற்குமுனை சேரியன்று, குறைந்த வாடகையில் உறவினரோடும் அயலவரோடும் பிணைந்து வாழ்ந்த ஒரு தொழிலாளர் சமூகமே என அவர் நிறுவினார். வெளியேற்றப்பட்டோரை ஆராய்ந்த உளவியலாளர் மார்க் பிறைட் 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இழந்த வீட்டுக்காக அவர்களிற் பலர் இறந்தோர்க்காக வருந்துவதைப் போன்றே வருந்தினர் என்றும், இரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரும் சிலரிடம் அத்துயரம் தணியவில்லை என்றும் காட்டியது. எந்த நிலப்பயன்பாட்டு வரைபடத்திலும் இத்துயரத்துக்கு நிறம் இல்லை.

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, ஜேக்கப்ஸின் குற்றச்சாட்டு முற்றிலும் சரியென்றும், திட்டமிடற் கல்வி வேண்டாத ஒன்றென்றும் முடிவுகட்டலாமா? அவ்வாறு முடிவுகட்டுவது எளிது, ஆனால் பொருந்தாது. சிறந்த நூல் என்பதற்காக அதன் குறைபாடுகளைக் கூறாது விடுதல் விமரிசனமாகாது.

நகரப் பகுதியொன்று உயிர்ப்போடு விளங்குவதற்கு ஜேக்கப்ஸ் நான்கு நிபந்தனைகளைக் கூறுகின்றார். பலவகைப் பயன்பாடுகள் கலந்திருத்தல், தெருத்தொகுதிகள் குறுகியனவாயிருத்தல், பழைய கட்டடங்களும் புதியனவும் விரவியிருத்தல், மக்கள் போதிய அடர்த்தியில் வாழ்தல் என்பனவே அவை. இவற்றை அவர் நிறுவும் முறை நுண்மையானது. தெருவோரக் கடைக்காரரும், சன்னலருகே அமர்ந்திருக்கும் முதியவரும் தம்மை அறியாமலே தெருவுக்குக் காவலாகின்றனர் என்னும் அவதானிப்பு, அவருக்கு முன் எந்தப் பாடநூலிலும் அவ்வளவு தெளிவாக இடம்பெற்றதில்லை. எனினும் இந்நான்கும் பெரும்பாலும் பௌதிக நிபந்தனைகளே. கான்ஸ் 1962ஆம் ஆண்டில் எழுதிய மதிப்புரையில் இதனையே சுட்டிக்காட்டினார். வடமுனையின் தெருவாழ்வுக்குக் காரணம் அதன் கட்டடங்கள் அல்ல, அங்கு வாழ்ந்த தொழிலாளரின் பண்பாடே என்பது அவர் வாதம். தெருவின் அமைப்பு மட்டுமே வாழ்வை உருவாக்குமெனின், பூங்காவும் மாடித் தொடரும் நல்வாழ்வை உருவாக்கும் என்று நம்பிய திட்டமிடலாளரின் தவற்றையே மறுதலையாகச் செய்வதாகிவிடும்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. நிலத்தின் உரிமையும் அதன் விலையும் ஜேக்கப்ஸின் தெருவைத் தீர்மானிக்கும் வலிமையை அவர் போதிய அளவு கணக்கிலெடுக்கவில்லை. அவர் வாழ்ந்து போற்றிய நியூயோர்க்கின் கிறீனிச் கிராமம் இன்று செல்வர் மாத்திரமே குடியேறக்கூடிய இடமாகிவிட்டது. இடிப்பு இயந்திரத்திலிருந்து காக்கப்பட்ட தெரு, சந்தையிலிருந்து காக்கப்படவில்லை. வெற்றியே சில இடங்களின் பன்மையை அழிக்கும் என்பதை அந்நூலிலேயே அவர் ஓர் அதிகாரத்திற் பேசினாரெனினும், அந்த அழிவுக்குப் பின்னாலுள்ள வர்க்க உறவை அவர் பெயர்சொல்லிச் சுட்டவில்லை. கறுப்பின மக்கள் எந்தப் பகுதியில் வீடு வாங்கலாம், எவ்வங்கி அவர்க்குக் கடன் தரும் என்பனவற்றைத் தீர்மானித்த இனப்பாகுபாட்டை அவர் தொட்டுச் செல்கின்றார். ஆனால் அது அவர்தம் நான்கு நிபந்தனைகளுள் இடம்பெறவில்லை.

மூன்றாவது, பிரதேசம் பற்றியது. பிரதேசத் திட்டமிடலை ஜேக்கப்ஸ் எள்ளி நகையாடுகின்றார். சிறிய பரப்பிலே தோற்றவர்கள் பெரிய பரப்பிலே போய் மறைந்துகொள்கின்றனர் என்பது அவர் ஏளனத்தின் சாரம். மம்போர்ட் 1962ஆம் ஆண்டில் எழுதிய மதிப்புரை இவ்விடயத்தில் அவரைக் கடுமையாகச் சாடியது. ஒரு பெண்ணின் வீட்டு வைத்தியம் என அதன் தலைப்பிலேயே இகழ்ந்த தொனி மன்னிக்கத்தக்கதன்று. ஆயினும் நகரத்தின் நீரும், காற்றும், உணவும், தொழிலும் தெருவின் எல்லைக்குள் அடங்குவன அல்ல என்னும் அவர் நிலைப்பாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஜேக்கப்ஸே பின்னர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட 'நகரங்களும் நாடுகளின் செல்வமும்' என்னும் நூலிலே, நகரத்தையும் அதனைச் சூழ்ந்த பிரதேசத்தையும் ஒன்றாக வைத்தே பொருளாதாரத்தை விளக்க நேர்ந்தது.

தெருவையும் பிரதேசத்தையும் பிரிக்காது நோக்கும் வழி ஜேக்கப்ஸுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே காட்டப்பட்டிருந்தது. அவ்வழியைக் காட்டிய கெடிஸின் பணி தமிழர் வாழும் நகரங்களோடு நேரடித் தொடர்புடையதாகும். 1914ஆம் ஆண்டில் அவர் இந்தியா வந்தபோது, அவருடைய நகரத் திட்டமிடற் கண்காட்சிப் பொருட்களை ஏற்றிவந்த கப்பலை ஜேர்மனியப் போர்க்கப்பலான எம்டன் மூழ்கடித்தது. தமிழ்ப் பேச்சு வழக்கில் இன்றும் ஒரு சொல்லாக நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய பொருட்களைக் கொண்டு 1915ஆம் ஆண்டிலே சென்னையிற் கண்காட்சி நடைபெற்றது. அதனைத் தொடர்ந்து மதுரை, தஞ்சாவூர் முதலிய நகரங்களைப் பற்றி அவர் அறிக்கைகள் எழுதினார். நெருக்கமான பகுதிகளின் ஊடாக நேரிய அகன்ற வீதிகளை வெட்டுவதே அக்காலப் பொறியியலாளர் கண்ட தீர்வு. கெடிஸ் சந்து சந்தாக நடந்து, எந்த வீடு உண்மையில் இடியத்தக்கது, எங்கே ஒரு மரத்துக்கும் கிணற்றுக்கும் இடமுண்டு, எச்சுவரை அகற்றினாற் காற்று வரும் எனத் தனித்தனியே குறித்தார். இம்முறையைப் பேணும் சத்திரசிகிச்சை என அவர் அழைத்தார். மிகக் குறைந்த இடிப்போடும் செலவோடும் இது இயலும் என்றும், ஆனால் நெடுநேரம் நடக்கும் பொறுமை இதற்கு வேண்டும் என்றும் வலியுறுத்தினார். 1921ஆம் ஆண்டிலே கொழும்பு நகரத்துக்கான முன்னோடி அறிக்கையொன்றையும் அவர் தயாரித்தார். அதே கெடிஸ்தான் மலையுச்சியிலிருந்து கடற்கரைவரை ஆற்றுப்பள்ளத்தாக்கு முழுவதையும், அங்குள்ள தொழில்களையும் ஊர்களையும், ஒரே அலகாகக் காணும் பிரதேச நோக்கையும் தந்தவர். நடந்தறிந்த சந்தும், வரைந்தறிந்த பள்ளத்தாக்கும் அவரிடத்தே ஒன்றுக்கொன்று பகையாகவில்லை.

எனின், மீண்டும் முதல் வினாவுக்கே வரவேண்டியுள்ளது. நடந்தறிவதற்குப் பட்டம் வேண்டுமா? வேண்டாம் என்பதே நேர்மையான விடை. மேற்குமுனையை நடந்தறிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனர். அவர்கள் அங்கு வாழ்ந்தவர்கள். அவர்களிடம் இல்லாதது நகர மண்டபத்திற் செல்லுபடியாகும் மொழி. ஏக்கருக்கு 275 என்ற எண்ணுக்கு எதிரே 8.8 என்ற எண்ணை எடுத்துவைக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இருக்கவில்லை. அந்த எண் அதிகாரிகளின் ஏட்டிலேயே இருந்தது, கேட்பார்தாம் இல்லை. இடிப்பு சட்டத்தாலும் புள்ளிவிபரத்தாலும் நியாயப்படுத்தப்பட்டதாயின், அதனைத் தடுப்பதும் சட்டத்தையும் புள்ளிவிபரத்தையும் கையாளத் தெரிந்தோரின் துணையின்றி இயலாது. திட்டமிடற் பட்டத்தின் நியாயம் இங்குதான் தொடங்குகின்றது. 1965ஆம் ஆண்டிலே போல் டேவிடோவ் எழுதிய கட்டுரை, வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காக வாதாடுவதுபோல் திட்டமிடலாளரும் வலிமையற்ற மக்கள் சார்பில் மாற்றுத் திட்டங்களை முன்வைத்து வாதாடவேண்டும் எனக் கோரியது. பொதுநலன் என்பது ஒன்றே, அதனை நடுநிலையில் நின்று கணிக்கலாம் என்னும் நம்பிக்கையை அக்கட்டுரை உடைத்தது.

இது வெறும் இலட்சியமன்று என்பதற்குச் சான்று கிளீவ்லாந்து நகரம். அந்நகரின் முதலாவது கறுப்பின மேயரான கார்ள் ஸ்ரோக்ஸ் 1969ஆம் ஆண்டில் நோர்மன் குறும்ஹோல்ஸைத் திட்டமிடற் பணிப்பாளராக நியமித்தார். கோர்ணெல் பல்கலைக்கழகத்திலே திட்டமிடலில் முதுமாணிப் பட்டம் பெற்றவர் அவர். தெரிவுகள் குறைந்தோர்க்குத் தெரிவுகளைப் பெருக்குவதே நகரத் திட்டத்தின் முதல் நோக்கம் என்று அவரது அலுவலகம் 1975ஆம் ஆண்டின் அறிக்கையில் வெளிப்படையாக அறிவித்தது. போக்குவரத்துத் திட்டத்தை எடுத்துக்கொண்டால், விரைவு இரயில் பாதைகளை நீட்டுவதிலேயே பிறர் ஆர்வங்காட்ட, சொந்தமாகக் கார் இல்லாதோர் எத்தனைபேர், அவர்கள் எங்கே வாழ்கின்றனர், பேருந்துக் கட்டணம் அவர்களை எவ்வாறு தாக்குகின்றது என்பவற்றை அவ்வலுவலகம் கணக்கிட்டது. பிரதேசப் போக்குவரத்து அதிகாரசபை அமைந்தபோது, கட்டணக் குறைப்பையும், முதியோரும் உடல் இயலாதோரும் அழைத்தால் வீட்டுக்கு வரும் வாகன சேவையையும் வாதாடிப் பெற்றது. மூன்று மேயர்களின் கீழ் 1979ஆம் ஆண்டுவரை அவர் அப்பதவியில் இருந்தார். எல்லாவற்றிலும் அவர் வென்றாரல்லர். ஆனால் அவர் பயன்படுத்திய கருவிகள் அனைத்தும் பாடநெறியிற் கற்பிக்கப்பட்டவையே. கருவி மாறவில்லை, அது யார் பக்கம் நின்றது என்பதே மாறியது.

இலங்கையின் திட்டமிடல் வரலாற்றிலும் இவ்விரு போக்குகளும் காணப்படுகின்றன. 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச்சட்டமும், 1946ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடற் கட்டளைச்சட்டமும் பிரித்தானிய மரபைத் தழுவியவை. லிவர்ப்பூல் துறையின் பேராசிரியராக விளங்கிய பற்றிக் அபர்குறொம்பியே பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் அமைப்புத் திட்டத்தில் ஹொலிடேயுடன் பங்குகொண்டவர். மகாவலிக் கரையிலே மாணவர் தினமும் நடக்கும் பாதைகளும் ஒருகாலத்தில் வரைபடத்துக் கோடுகளாகவே இருந்தன. 1978ஆம் ஆண்டிலே நகர அபிவிருத்தி அதிகாரசபை நிறுவப்பட்டது. 1984ஆம் ஆண்டில் ஆரம்பமான பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் இவ்வரலாற்றில் ஒரு திருப்பமாகும். அதன் நகரப் பிரிவிலே அதிகாரிகளும் குடியிருப்பாளரும் ஒன்றாக அமர்ந்து, காணித் துண்டுகளின் எல்லைகளையும் ஒழுங்கைகளின் அகலத்தையும் பேசித் தீர்த்துக்கொள்ளும் முறை கையாளப்பட்டது. வீட்டைக் கட்டுவது மக்கள், உதவுவது அரசு என்பதே அதன் அடிப்படை. இதற்கு நேர்மாறாக, 2010ஆம் ஆண்டிலே நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டு, 2015ஆம் ஆண்டுவரை அங்கேயே இருந்தது. கொழும்பின் தோட்டங்களில் வாழ்ந்த குடும்பங்களை மாடித் தொடர்களுக்கு மாற்றும் பணி அக்காலத்தில் விரைவுபடுத்தப்பட்டது. நகரத் திட்டமிடலைப் பாதுகாப்புக்குரிய விடயமாகக் கருதும் நோக்கு, குடியிருப்பாளரை எந்த இடத்தில் வைத்தது என்பதை விளக்கவேண்டியதில்லை.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதிய கடற்கோளின் பின்னர் வரையப்பட்ட கோடு இதனினும் தெளிவான சான்று. கரையிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றரும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றரும் கட்டடம் எழுப்பக்கூடாத வலயமாக அறிவிக்கப்பட்டன. உயிரைக் காப்பது என்னும் நோக்கத்தை எவரும் குறைகூறார். ஆயின் கல்முனை, சாய்ந்தமருது முதலிய நெருக்கமான கரையோரங்களிலே 200 மீற்றர் என்பது வெறும் மணற்பரப்பன்று; பல தலைமுறை வாழ்ந்த வளவுகள், பள்ளிவாசல்கள், கோயில்கள், கடைத்தெருக்கள் ஆகியவற்றை உள்ளடக்கிய நிலம். வள்ளத்தையும் வலையையும் கண்பார்வையில் வைத்திருக்கவேண்டிய மீனவனுக்குக் கடலிலிருந்து விலகிய வீடு தொழிலிலிருந்து விலகிய வீடாகும். சுற்றுலா விடுதிகளுக்கு வேறு அளவுகோல் கையாளப்படுகின்றது என்னும் முறைப்பாடும் எழுந்தது. அக்கோடுகள் பின்னர் தளர்த்தப்பட்டன. எனினும் முதலிற் கோட்டை வரைந்து பின்னரே மக்களைக் கேட்கும் வரிசையால் மாதக்கணக்கில் ஆயிரக்கணக்கானோர் தற்காலிகக் கொட்டில்களிற் காத்திருக்க நேர்ந்தது. திட்டத்துக்கு முன்னர் ஆய்வு என்று கெடிஸ் கூறியதன் பொருள் இங்குதான் உறைக்கின்றது.

இந்நாட்டிலே இத்துறையிற் பயிற்சி பெற விழையும் தமிழ் மாணவர் பலர், புவியியலையும் பொருளியலையும் சமூகவியலையும் தாய்மொழியிற் பயின்று பட்டம் பெறுபவர்கள். திட்டமிடலில் உயர்கல்வி ஆங்கிலத்திலேயே நடைபெறுகின்றது. எனவே அவர்கள் ஆங்கிலத்துக்குச் செல்வது தவிர்க்கமுடியாதது, தேவையானதும்கூட. ஆனால் அப்பயணம் பெரும்பாலும் ஒருவழிப் பயணமாகவே முடிந்துவிடுகின்றது. மாணவன் ஆய்வேட்டுக்காக ஒரு கிராமத்திலோ தோட்டத்திலோ வீடு வீடாகச் சென்று வினாக்கொத்தை நிரப்புகின்றான். மக்கள் தமிழிற் கூறியவை ஆங்கில அட்டவணையாகி, ஆய்வேடாகி, நூலகத் தட்டை அடைகின்றன. விடையளித்தவர் தமது விடை என்னவாயிற்று என்பதை அறியார். நாளை ஒரு திட்டம் அவர் வாசலுக்கு வரும்போது, அதனை மறுப்பதற்கு வேண்டிய எண்கள் அவரிடமிருந்தே பெறப்பட்டவை என்பதையும் அறியார்.

பொஸ்ரனில் 8.8 என்ற எண் ஏட்டில் உறங்கியதும் இதுவே. ஆகவே இப்பட்டத்துக்குப் பயிலும் மாணவனின் தகுதியை அளப்பதற்கு ஆய்வேட்டின் ஆங்கிலப் பிரதி மாத்திரம் போதாது. அவன் ஆராய்ந்த ஊரின் பாடசாலை மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ, அவ்வூராரின் மொழியில், வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டு, கண்டவற்றை விளக்கி, அவர்கள் காட்டும் பிழைகளைத் திருத்தி எழுதிய பின்னரே ஆய்வு முற்றுப்பெற்றதாகக் கொள்ளப்படவேண்டும். நிலப்பயன்பாடு, அடர்த்தி, வலயம், இழப்பீடு ஆகியவற்றைக் கடலோர மீனவருக்கும் தோட்டத்துத் தொழிலாளருக்கும் விளங்கும் தமிழிற் கூறும் ஆற்றல், பாடநெறிக்குப் புறம்பான தொண்டு அன்று, பாடநெறியின் பகுதியே. அதனைக் கற்பியாத பட்டம், நல்ல மனங்கொண்டவரையும் அந்தத் தொலைபேசியின் மறுமுனையில் இருந்த அறிஞரைப் போன்றே ஆக்கிவிடும்: தெருவை விரும்புவார், இடிப்பதற்கும் கையொப்பமிடுவார்.